ஒன்பது, பிழையில்லை

பேனா வேண்டாம் மேடம், என்னிடம் பென்சில் இருக்கிறது. வாயால் சொல்ல வந்தவனை எழுதித் தரச் சொல்லிவிட்டீர்கள். இருபத்திரண்டு வருடம் வாயை வைத்துப் பிழைத்தவன் கையால் பேசினால் கொஞ்சம் வளவளவென்றுதான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். டீ நன்றாக இருந்தது.

உங்கள் விசாரணை அறிக்கையை மூன்று முறை படித்தேன். சுத்தமான வேலை. பேருந்து நின்ற இடம், நடைபாதையின் நீளம், அன்றைய காற்றின் வேகம் எல்லாம் இம்மி பிசகாமல் இருக்கிறது. பதினேழாம் பக்கத்தில்தான் 'வழிகாட்டியின் கவனக்குறைவு' என்று ஒரு வார்த்தை வருகிறது. என்னை வாயாடி என்று சொல்லுங்கள், கோபம் வராது. புளுகன் என்பாள் என் மனைவி, அதற்கும் வராது. கவனக்குறைவு என்று மட்டும் என்னைப் பெற்றவள்கூடச் சொன்னதில்லை. அந்த வார்த்தையைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இது எரிமலைத் தீவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதன் மேல்தான் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஐந்து நாள் சுற்றுலா. தூண் பாறைகள், அருங்காட்சியகம், எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த குகை, கருங்கல் காடு, வெந்நீர் ஊற்று. பாறை தானாகப் பேசாது, நான்தான் அதற்கு வாய். "இந்த மலையும் எங்க மாமியாரும் ஒண்ணு. மேல பார்த்தா அமைதி, உள்ள என்ன கொதிக்குதுன்னு யாருக்கும் தெரியாது" என்று சொன்னதும் வண்டி ஹாரன் 'பாம்' என்று அடிக்கும். ஓட்டுநர் என் மனைவியின் அண்ணன், அதே மாமியாரின் மூத்த பிள்ளை. மச்சான் அந்த ஹாரனை இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட முந்தியோ பிந்தியோ அடித்ததில்லை.

என் வண்டியில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். முதல் நாள் ஏறும் வரிசையில் கொடுத்துவிடுவேன். ஒவ்வொரு இடத்திலும் கிளம்பும்முன் அவரவர் எண்ணை அவரவர் உரக்கச் சொல்ல வேண்டும். கடைசி எண் காதில் விழுந்ததும் மச்சான் சாவியைத் திருப்புவார். கண்ணால் எண்ணுவது எங்களிடம் கிடையாது. குனிந்து செருப்பு மாட்டுகிறவர் கண்ணுக்குத் தப்பிவிடுவார், காதுக்குத் தப்ப மாட்டார். இந்த முறையில் ஒருவரைக்கூட நாங்கள் தொலைத்ததில்லை.

எனக்கு இன்னொரு வித்தையும் உண்டு. முதல் நாள் சாயங்காலத்துக்குள் அத்தனை பேர் குரலும் என் தொண்டைக்கு வந்துவிடும். சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொருவராகப் பேசிக் காட்டினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எண்ணும்போது மட்டும் செய்யமாட்டேன். ஆரம்பத்திலேயே மச்சான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "மாப்ள, விளையாட்டு வேற, எண்ணிக்கை வேற. நம்பர் சொல்லும்போது உன் சரக்கை எடுத்துடாத. நான் காதை நம்பி வண்டி ஓட்டறவன்." அவர் பேச்சை நான் தட்டியதில்லை. ஒரே ஒரு தடவையைத் தவிர.

இந்தத் தடவை பதினான்கு பேர். மூன்றும் நான்கும் புது ஜோடி. ஆறாம் எண் கொஞ்சம் குள்ளமான அம்மாள். எட்டு, பல் டாக்டர். ஒன்பதாம் எண்தான் அவர். அச்சகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்தி ஓய்வுபெற்றவர். வயது அறுபத்தெட்டு, வலது முழங்காலில் வலி. மடக்கு ஸ்டூல் ஒன்றைக் கையோடு கொண்டுவருவார், நின்ற இடத்திலெல்லாம் விரித்து உட்காருவார். காதில் ஒரு சிவப்புப் பென்சில். கால் நீட்ட வசதியாக இருக்கும் என்று பின்கதவை ஒட்டிய கடைசி வரிசையை நானே அவருக்குக் கொடுத்தேன். ஏறுவதும் இறங்குவதும் அந்தக் கதவு வழியாகத்தான்.

முதல் எண்ணிக்கையில் எல்லாரும் எண்ணை மட்டும் சொன்னார்கள். அவர், "ஒன்பது, பிழையில்லை" என்றார். வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். என் வண்டியில் என்னைத் தவிர இன்னொருவர் முதல் சிரிப்பை வாங்கியது அன்றைக்குத்தான்.

தூண் பாறைகளுக்குப் போனோம். எரிமலைக் குழம்பு ஆறி வெடித்து, செதுக்கி வைத்ததுபோல் நெட்டுக்குத்தாக நிற்கிற கல் தூண்கள். "எல்லாத்துக்கும் ஆறு பக்கம். தேனீ கூடு கட்டற மாதிரி. இயற்கைக்குக் கணக்கு தப்பாது" என்று வழக்கம்போலச் சொன்னேன். அவர் ஸ்டூலில் இருந்தபடி கையைத் தூக்கினார், வகுப்பில் பையன் தூக்குவதுபோல.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாத்துக்கும் ஆறு இல்ல. எனக்குப் பக்கத்துல இருக்கறது அஞ்சு. அதோ அது ஏழு. எண்ணிப் பாருங்களேன்."

எண்ணினார்கள் மேடம். பதின்மூன்று பேரும் தூண் தூணாக ஓடி விரலை வைத்து எண்ணினார்கள். "எனக்கு அஞ்சு!" "இங்க ஏழு!" என்று ஒரே கும்மாளம். எண்ணுவதையே தொழிலாக வைத்திருக்கிற நான் இருபத்திரண்டு வருடமாக அந்தத் தூண்களை எண்ணியதே இல்லை. சிரித்துச் சமாளித்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அருங்காட்சியகத்தில் நான் வெளியே நின்று மச்சானோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் உள்ளே ஒரு பலகை விடாமல் படித்துவிட்டார். அதன் பலன் அன்று மத்தியானமே தெரிந்தது. தீவு பிறந்து பத்து லட்சம் வருடம் என்று நான் சொல்வேன். "ஏழுன்னு போட்டிருக்கு தம்பி, மூணு லட்சம் கூடிப்போச்சு" என்றார். மூன்று லட்சம் வருடத்தை யார் வந்து கேட்கப் போகிறார்கள்? அதையும் விட்டுவிட்டேன். நான் சின்னப் புத்திக்காரன் இல்லை.

மூன்றாம் நாள் கருங்கல் காடு. என் கைவசம் இருப்பதிலேயே சிறந்த கதை அங்கேதான். ஊரையே விழுங்கிக்கொண்டு வந்த எரிமலைக் குழம்பு ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து ஒரு சதுர மேட்டைத் தொடாமல் போயிருக்கிறது. நடுவில் ஒரு சுவர் மட்டும் நிற்கிறது. அந்த வீட்டுக்குள் ஒரு பெண் பிரசவ வலியில் கிடந்தாள், நெருப்பே வழிவிட்டது என்று நான் குரலை இறக்கிச் சொன்னால் கைக்குட்டை எடுக்காதவர்கள் கிடையாது. கதை என்னுடையதுதான். சொந்தமாகக் கட்டினேன், வருடா வருடம் மெருகேற்றினேன். அன்றைக்கும் நான்காம் எண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் ரொம்ப வருத்தத்தோடுதான் சொன்னார், பொய் சொல்ல மாட்டேன்.

"அது வீடு இல்ல தம்பி. ஆட்டுப் பட்டி. அருங்காட்சியகத்துல படம் இருக்கு."

நான்காம் எண் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். அப்புறம் பல் டாக்டர், "அப்ப குட்டி போட்டது ஆடா?" என்றார். சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் பதின்மூன்று தலைகள் கடைசி வரிசைப் பக்கம் திரும்பின. அவர் தலையசைத்தால்தான் நம்பினார்கள். "ஒன்பது சாரைக் கேளுங்க, ஒன்பது சாரைக் கேளுங்க" என்று ஒரே பேச்சு. சாப்பாட்டு மேஜையில் அவரைச் சுற்றி நாற்காலி போட்டுக்கொண்டார்கள். நான் குரல் செய்து காட்ட ஆளில்லாமல் மச்சானோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

"நல்ல மனுஷன் மாப்ள" என்றார் மச்சான். "நீ சொல்றதை அவ்வளவு கவனமா இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. கேக்காம எப்படித் தப்பைக் கண்டுபிடிப்பாரு?"

மச்சானுக்கு யாரைப் பார்த்தாலும் நல்ல மனுஷன்தான். இந்தத் தீவில் எது உண்மை என்று சொல்கிற வேலை இருபத்திரண்டு வருடமாக என்னுடையது. மூன்றே நாளில் அது கடைசி வரிசைக்குப் போய்விட்டது. பொறாமை என்று எழுதிவிடாதீர்கள், ஒரு வண்டிக்கு இரண்டு வழிகாட்டி ஆகாது என்பது பொது ஒழுங்கு.

இனி நான்காம் நாள். உங்கள் அறிக்கையில் பிழைகள் மண்டிக்கிடக்கிற இடம் இதுதான்.

கிண்ணப் பள்ளத்தை நீங்கள் நேரில் பார்த்தீர்கள். அழகான இடம். பச்சைப் பாசி, நடுவில் நிழலோடு ஒரு தட்டைக் கல். வழிகாட்டிகளுக்குள் அதைத் தூங்குமூஞ்சிக் குழி என்போம். காலையில் போனால் குருவியோ முயலோ தூங்குவதுபோல் கிடக்கும். பாறை வெடிப்பிலிருந்து வரும் வாயு காற்றைவிடக் கனம். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. காற்றில்லாத நாளில் பள்ளத்தில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். நின்றால் ஒன்றுமில்லை, உட்கார்ந்தால் இரண்டு மூச்சு. அதனால்தான் தினமும் ஒரு மெழுகுவர்த்தியைக் கம்பில் கட்டிப் பாதையில் நின்று இறக்கிப் பார்ப்போம். சுடர் முழங்காலுக்குக் கீழே அணைந்தால் கூட்டத்தை நிற்காமல் கூட்டிப் போகலாம். முழங்காலைத் தாண்டினால் யாரையும் விடக் கூடாது.

எச்சரிக்கைப் பலகை துருப்பிடித்து வர்ணம் அடிக்கப் போயிருந்தது என்றும், அதுவும் ஒரு காரணம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பலகையின் மேல் பழி போடாதீர்கள் மேடம், பாவம். அது திரும்பி வரும்வரை வாயால் சொல்லும்படி எங்களுக்குச் சுற்றறிக்கை வந்திருந்தது. "இங்க யாரும் உட்காரக் கூடாது, குனியக்கூடக் கூடாது." ஒரே வாக்கியம். ஒரு நாளைக்கு ஆயிரம் வாக்கியம் பேசுகிறவன் நான். அன்றைக்கு அந்த ஒன்றை மட்டும் பேசவில்லை.

மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டீர்கள், இல்லையா? பதிவேட்டில் நான் காலையில் 'கணுக்கால் அளவு' என்று எழுதியதை வைத்து ஆபத்து தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றும் முடிவுகட்டிவிட்டீர்கள். கணுக்கால் இல்லை. மறுபடியும் மறுபடியும் இறக்கிப் பார்த்தேன், மூன்று தடவையும் முழங்காலுக்கு ஒரு சாண் மேலேயே சுடர் போய்விட்டது. பாதையில் அந்த அளவு. தட்டைக் கல் இருக்கிற இடம் பாதையைவிட இரண்டடி பள்ளம். வாயு உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேல் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் 'கணுக்கால்' என்று எழுதினேன். கையெழுத்துகூட அழகாக வந்திருந்தது.

பதினான்கு பேரையும் அழைத்துப் போனேன். ஆறாம் எண் அம்மாள் குள்ளம் என்று சொன்னேனே, அவர் கையைப் பிடித்து நானே விறுவிறுவென்று அக்கரை சேர்த்தேன். மற்றவர்களிடம், "மேலே ஏறினா கடல் வளைவு தெரியும், மேகம் வந்தா ஒண்ணும் தெரியாது, ஓடுங்க ஓடுங்க" என்றேன். ஓடினார்கள். கேமராவைக் கையில் கொடுத்துவிட்டால் ஜனங்களுக்கு வேறு எதுவும் வேண்டாம். இதையெல்லாம் செய்தவனைத்தான் கவனக்குறைவு என்கிறீர்கள்.

அவர் மட்டும் பாதையில் நின்றார். ஏறமுடியாது என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்.

"நீங்க போயிட்டு வாங்க தம்பி. நான் இப்படி ஓரமா கொஞ்சம் உட்கார்ந்துட்டு, வந்த வழியாவே வண்டிக்குப் போயிடறேன்."

நான் அவர் கையிலிருந்து ஸ்டூலை வாங்கினேன். நிழலைக் காட்டினேன். மூச்சை நன்றாக இழுத்து அடக்கிக்கொண்டு முன்னால் இறங்கி, குனிந்து, தட்டைக் கல் பக்கத்தில் ஸ்டூலை விரித்தேன். ஒரு கால் ஆடியது, அடியில் சின்னக் கல் வைத்துச் சரிசெய்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினார். நின்றபடி கேட்டார், "இங்க உட்காரலாமா தம்பி?"

நான் மூச்சை அடக்கியிருந்தேன், வாயைத் திறக்க முடியாது. சிரித்துத் தலையை ஆட்டினேன். மௌனம் கலக நாஸ்தி என்பார்கள். மூன்று நாளாக எங்களுக்குள் இருந்த கலகம் அத்தோடு முடிந்தது.

நான் மேலே ஏறிப் பாதையில் நின்று மூச்சு விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

கடல் வளைவில் எல்லாருக்கும் படம் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு வெளிச்சம் பிரமாதம். மாமியார் ஜோக்கைக்கூட ஒருதடவை எடுத்துவிட்டேன், நன்றாகச் சிரித்தார்கள். யாரும் எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கிருந்து இறங்குகிற பாதை வேறு, பள்ளத்தைத் தொடாமல் நேராக வண்டிக்கு வந்துவிடும். ஒன்பது சார் முன்னாலேயே வண்டிக்குப் போயிருப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

எண்ணிக்கை ஆரம்பித்தது. நான் நடுவழியில் குனிந்து தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். "எட்டு" என்றார் பல் டாக்டர். பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. தொண்டையைக் கொஞ்சம் இறுக்கி, கடைசி எழுத்தை லேசாக இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஒன்பது, பிழையில்லை."

வழக்கம்போல இரண்டு பேர் சிரித்தார்கள். "பத்து" என்றது அடுத்த குரல். பதினான்கு வந்ததும் மச்சான் சாவியைத் திருப்பினார்.

வெந்நீர் ஊற்றுக்கு நாற்பது நிமிடம். அங்கே நின்று, இந்த ஊற்றில் முட்டை நான்கு நிமிடத்தில் வெந்துவிடும் என்றேன். நான்காம் எண் சிரித்துக்கொண்டே, "இருங்க, ஒன்பது சாரைக் கேப்போம்" என்று திரும்பினாள். எல்லாத் தலைகளும் திரும்பின. அப்புறம் நடந்தது உங்கள் அறிக்கையில் சரியாகவே இருக்கிறது: நாங்கள் திரும்பி ஓடியது, மீட்புப் படை வந்தது, முகமூடி போட்டுக்கொண்டு இறங்கித் தூக்கியது. ஸ்டூலையும் தொப்பியையும் துண்டுப் பிரசுரத்தையும் பென்சிலையும் என் கையில்தான் கொடுத்து வைத்தார்கள்.

ஆக, ஓட்டுநர் தவறாகக் கேட்டிருக்கலாம் என்று நீங்கள் எழுதியதும் பிழை. மச்சானை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து ஆறு வாரம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். என் மனைவி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"காது டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தேன் மாப்ள. ரெண்டு காதும் சுத்தமா இருக்காம்."

"நல்லதாப் போச்சு மச்சான்."

"அன்னைக்கு ஒன்பதுன்னு ஒரு குரல் கேட்டுச்சு."

"எல்லாருக்கும்தான் கேட்டுச்சு."

"அது பின்னாலேர்ந்து வரல. நடுவுலேர்ந்து வந்துச்சு." டீத் தம்ளரைத் தள்ளி வைத்தார். "நீ என் பேச்சைத் தட்டமாட்டன்னு இத்தனை வருஷமா நம்பியிருந்தேன்."

கத்தி நின்றுவிட்டது. மச்சான் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். அன்றிலிருந்து என் மனைவி எனக்குச் சாப்பாடு போடுகிறாள், பேசுவதில்லை. நான் பேசினாலும் கேட்பதில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

மச்சானுக்காகத்தான் உண்மையைச் சொல்ல வந்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் பிழையாகிவிடும். அந்தப் பதினேழாம் பக்கம் இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டேன். ஆகவே தெளிவாகவே எழுதுகிறேன்: வாயு இருப்பது தெரிந்து, அளவு தெரிந்து, பதிவேட்டில் மாற்றி எழுதி, அவரை நானே அங்கே உட்காரவைத்தேன். அவர் குரலில் எண்ணைச் சொல்லி வண்டியைக் கிளப்பினேன். அவரைக் கொன்றது நான். ஒரு இடத்திலும் கவனம் தப்பவில்லை.

இன்னொன்று. அறிக்கையின் கடைசியில் அவர் மடியில் கிடந்த எங்கள் துண்டுப் பிரசுரத்தின் நகலை இணைத்திருக்கிறீர்கள். நான் அதை நேற்றுத்தான் முழுதாகப் பார்த்தேன். ஏழு இடத்தில் சிவப்புக் கோடு. தூண், வருடம், ஆட்டுப் பட்டி எல்லாம் இருக்கிறது. எட்டாவது, பின்அட்டையில். 'அனுபவமிக்க வழிகாட்டியுடன்' என்று அச்சாகியிருக்கிற வரிக்குப் பக்கத்தில் ஓரமாக எழுதியிருக்கிறார்: 'வழிகாட்டியின் பெயர் விடுபட்டுள்ளது. அவசியம் சேர்க்'. அத்தோடு நிற்கிறது. கடைசி எழுத்தைக் காணோம்.

அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். மறைக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அது விடுபட்டிருப்பதை யாரும் கவனித்ததில்லை, நான்கூட. அவர் செய்த திருத்தங்களிலேயே நியாயமானது அது ஒன்றுதான். அடுத்த பதிப்பில் சேர்க்கச் சொல்லி அலுவலகத்துக்கு நீங்களே ஒரு வரி எழுதினால் நன்றாக இருக்கும்.

பதினேழாம் பக்கத்தில் அந்த வார்த்தையை நானே அடித்து வைத்திருக்கிறேன். சிவப்பில் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். பென்சில் அவருடையது. மற்றதையெல்லாம் அன்றைக்கே ஒப்படைத்தேன், இதைக் கொடுக்க மட்டும் மறந்துவிட்டது. அதை வேண்டுமானால் கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.